தரைத்தள வீடும் சென்னை மழையும்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: நாங்கள் கோவைக்காரர்கள். கணவருக்குப் பெருங்குடியில் வேலை கிடைத்திருப்பதால் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சென்னைக்கு வந்துவிட வேண்டும். வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு பார்த்திருக்கிறோம். மாமியாருக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. "2015 வெள்ளத்துலயே இந்தத் தெருவுக்குத் தண்ணி வரலைங்க" என்று தரகர் அடித்துச் சொல்கிறார். சென்னையின் வெயிலும் மழையும் எப்படி இருக்கும்? தரகரை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்:

இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள் அம்மா. அந்த வாரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வாடகைக்கும் விலைக்கும் வரும் வீடுகளைச் சோதித்துச் சொல்வதுதான் என் தொழில். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்க்கின்றன. அந்த மாதங்களில் சென்னையில் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். தரகருக்கு அதைவிட வசதியான காலம் கிடையாது.

முதலில் வெயில். ஜூன் வந்தால் கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிவிடும். அதே ஜூனில் சென்னைக்கு மேற்கிலிருந்து வருவது நிலத்தைக் கடந்து சூடேறிய காற்று. கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடுகிறதே என்று நம்ப வேண்டாம். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. நண்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் அன்றைக்குப் பிழைத்தோம். மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்துவிட்டால் மாலை வரை அனல்தான். கடற்காற்று வந்த பிறகும் வியர்வை காயாது, உங்களுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருப்பது அதுதான். ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் இடியோடு மழை கொட்டும், சாலையில் தண்ணீர் நிற்கும், வடிந்துவிடும். மார்கழி, தை இரண்டும் இதமான மாதங்கள். வெயிலைப் பற்றி இவ்வளவு போதும். உங்களை நிஜமாகவே பாதிக்கப்போவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரையான இரண்டு மாதங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 செ.மீ. மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில் பெய்துவிடும். இந்தச் சராசரியை வைத்து நீங்கள் ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. இங்கே மழை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி நெருங்கி வந்தால் இரண்டு நாளில் ஒரு மாத மழை விழும். பிறகு பத்து நாள் வெயிலடிக்கும். 20 செ.மீ. மழை என்று செய்தியில் கேட்டால் அது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அந்த ஒரு மனையில் மட்டும் 44,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் நான்கு லாரி வேண்டும். தெருவில் இருபது மனை இருந்தால் ஏறக்குறைய எழுபத்தைந்து லாரித் தண்ணீர். அது போவதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி தரகர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கு 2015-ல் தண்ணீர் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியின் கணக்கில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, அடையாறு கரை மீறியது. அன்றைய பெரிய அடி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற ஆற்றோரப் பகுதிகளுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கதை வேறு. புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தில். சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி இரண்டு நாள் மழையைக் கொட்டியது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் கலக்க வேண்டும். போகும் வழி குறுகல், கடலும் உயர்ந்து நின்றது. தண்ணீர் வடிய இடமில்லாமல் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நாள்கணக்கில் நின்றது. ஆற்று வெள்ளத்துக்குத் தப்பிய தெரு சதுப்பு நில வெள்ளத்துக்குத் தப்பும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே தரகர் 2015 என்று ஆரம்பித்தால், "2023-ல் எப்படி?" என்று கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அவரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் நிற்கிறது. தெருமுனை மளிகைக் கடைக்காரரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனையும் தனித்தனியாக விசாரியுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராதும்மா" என்பார்கள், புதிதாக வருபவரைப் பயமுறுத்த யாருக்கும் மனம் வராது. "2023-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். கையைக் காட்டி முழங்கால், இடுப்பு என்று அளவு சொல்வார்கள்.

பிறகு வீட்டைப் பாருங்கள், தரகர் பக்கத்தில் இல்லாமல். வாசலுக்குக் குறுக்கே ஓரடி உயரத்துக்குச் செங்கல் தடுப்பு இருக்கிறதா? கேட்டுக்குக் கீழே சிமென்ட் மேடு போட்டிருக்கிறார்களா? இரண்டுமே தண்ணீரோடு போராடிய வீட்டின் அடையாளம். சுவரில் புது பெயின்ட் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள். குளியலறைக் கதவு தண்ணீர் பட்டுக் கீழே உப்புவது சகஜம். படுக்கையறைக் கதவின் அடிப்பாகமும் உப்பிப் பிளந்திருந்தால், கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்து மேல் கீல் பளபளவென்று இருந்தால், தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. கடைசியாகச் சாலையில் நின்று வீட்டைப் பாருங்கள். வீட்டுத் தரை சாலையைவிடக் குறைந்தது இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும். பல பழைய வீடுகளில் சாலைதான் உயரமாக இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆனாலும் தார்மேல் தார் கொட்டி, ஒவ்வொரு முறையும் ஓரிரு அங்குலமாகச் சாலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பணம் போட்டு உயர்த்திக் கட்டிய வீடு இருபது வருடத்தில் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. இதற்குக் கேள்வி கேட்பார் இல்லை. வெள்ளம் வந்தால் தெருத்தெருவாக வந்து கணக்கெடுக்கிறார்கள், நிவாரணம் கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று தெருமுனைச் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்தால் வீடு தேடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? நான் வேலை பார்த்த தெரு ஒன்றிலும் அப்படி ஒரு கோட்டைக் கண்டதில்லை.

தரைத்தளத்தில் இன்னொரு ஆபத்து, வாசலில் தடுப்பு கட்டினாலும் நிற்காது. தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் பின்வாங்கி, உங்கள் குளியலறைத் தரைத் துளை வழியாகப் பொங்கி வரும். வாசலில் தண்ணீர் ஏறும் முன்பே வீட்டுக்குள் வந்துவிடும். கழிவுநீர்க் குழாயில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். விழித்தால் இல்லை என்று அர்த்தம்.

"அப்படியானால் முதல் மாடி எடுத்தால் கவலை இல்லையா?" என்று கேட்பீர்கள். பொதுவாக ஆமாம், முதல் மாடிதான் சரி. ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது, உங்கள் மாமியாரை நினைத்து அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழே கார் நிறுத்தும் இடம், மேலே வீடு, லிஃப்ட் உண்டு என்று காட்டுவார்கள். கீழே போய் மூன்றைப் பாருங்கள். மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பளவுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டு வராவிட்டாலும் மின்சாரம் போய்விடும். ஒருவேளை மீட்டர் உயரத்தில் இருந்தாலும், தெருவில் தண்ணீர் நின்றால் மின்வாரியமே பாதுகாப்புக்காக இணைப்பைத் துண்டிக்கும். லிஃப்டின் அடிக்குழியில் தண்ணீர் புகுந்தால், வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்த பிறகும் அதைச் சரிசெய்யும் வரை லிஃப்ட் ஓடாது. மூன்றாவது, சம்ப்பின், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், மூடி. அது தரைமட்டத்தில் இருந்தால் தெருத் தண்ணீரும் சாக்கடையும் குடிதண்ணீரோடு கலந்துவிடும். ஆக நான்காவது மாடியில் பத்திரமாக இருக்கும் குடும்பத்துக்குக் கரன்ட் கிடையாது, தண்ணீர் கிடையாது, கீழே இறங்கவும் வழி கிடையாது. மூட்டுவலி உள்ளவருக்கு அவசரமாக மருத்துவமனை போக வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால்தான் உயர்ந்த மாடி வேண்டாம், முதல் மாடி போதும் என்கிறேன். லிஃப்ட் நின்றாலும் ஒரு மாடிப் படியை இருவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவரால் இறங்கிவிட முடியும். மீட்டர் உயரமாகவும் சம்ப் மூடி தரையைவிட ஓரடியாவது மேலாகவும் உள்ள முதல் மாடி கிடைத்தால், வாடகை ஓராயிரம் கூடினாலும் எடுங்கள்.

எச்சரிக்கைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகத்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தருகிறது, உங்கள் தெருவுக்கென்று இல்லை. ஆரஞ்சு வந்தாலே ஆயத்தமாகிவிடுங்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அடுத்த நாள் பயந்த அளவுக்கு மழை வரவில்லை, சிலர் கேலி செய்தார்கள். நிறுத்தியவர்கள் செய்ததுதான் சரி. வாட்ஸ்அப்பில் சுற்றும் புயல் படங்களையும் "இன்னும் இரண்டு மணி நேரத்தில்" என்ற குரல் பதிவுகளையும் பொருட்படுத்த வேண்டாம். பாதி பழைய வருடத்து சமாச்சாரம். காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜின் போய்விடும், காப்பீடும் கைவிரிக்கக்கூடும்.

கடைசியாக ஒப்பந்தம். சென்னையில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்து நீங்கள் காலி செய்தால், நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று ஒரு மாதம், பெயின்ட் அடிக்க ஒரு மாதம் என்று அந்தப் பணத்தில் கைவைப்பார்கள். "வீட்டுக்குள் மழைநீரோ கழிவுநீரோ புகுந்தால் வாடகைதாரர் நோட்டீஸ் காலமின்றிக் காலி செய்யலாம், அட்வான்ஸ் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். தண்ணீரே வராது என்று சொல்பவருக்கு இதில் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்கக் கூடாது. மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். போட்டால், அட்வான்ஸை வங்கி மூலம் வீட்டுக்காரர் பெயருக்கே அனுப்புங்கள். தரகர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாயும் வேண்டாம்.