நாலரை மணிக்கே இருட்டும் ஊரில் எத்தனை பண்டிகை கொண்டாடுவது?

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் குடியிருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. அக்டோபர் பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தீபாவளி, ஹாலோவீன், கிண்டர்கார்டன் விளக்கு ஊர்வலம், புனித நிக்கோலாஸ் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார அட்வென்ட், கிறிஸ்துமஸ் என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது. மகளின் தோழிகள் வீட்டில் டிசம்பர் முழுக்க நாளுக்கொரு பரிசு என்று 24 பரிசுகள் தொங்கும் காலண்டர் இருக்கிறதாம். இவளுக்கும் அது வேண்டுமாம். நான் பகுதி நேர வேலைக்குப் போகிறவள். சமாளிக்க முடியவில்லை. போதாததற்கு, திருச்சியிலிருந்து மாமியார் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். “தீபாவளிக்கு ஒரு நாள் லீவு கிடையாது. இவர்கள் பண்டிகைக்கு மட்டும் மூன்று மாதமா? நமக்கு எதற்கு இதெல்லாம்?” என்கிறார். கணவரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். எல்லாவற்றையும் கொண்டாடினால் பிள்ளைகள் நம் வழக்கத்தை மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றால் பள்ளியில் ஒதுங்கி நிற்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இத்தனை பண்டிகைகளின் நடுவே “உன் இஷ்டம்” என்ற அந்த இரண்டு சொற்கள்தான் என்னை உறுத்தின. முழு உரிமையும் கொடுத்துவிட்ட மாதிரி தோன்றும். ஆனால் வாங்குவது, வெட்டுவது, ஒட்டுவது, சுடுவது, கடைசியில் மாமியாருக்குப் பதில் சொல்வது என அத்தனையும் உங்கள் தலையில் இறங்கிவிடுகிறது. இந்த வாரமே ஒரு மாலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இருவரும் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, வைத்துக்கொண்டதில் தன் பங்கு எது என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். அது முடிவாகாமல் நான் சொல்லப்போகும் எதுவும் உங்கள் சுமையைக் குறைக்காது.

என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலில் இரண்டை இன்றே அடித்துவிடலாம். முதலாவது ஹாலோவீன். அது ஏதோ ஜெர்மனியின் பழம்பெரும் பண்டிகை, விட்டுவிட்டால் பிள்ளைகள் ஊரோடு ஒட்டாமல் போய்விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். 1991-இல் வளைகுடாப் போரை முன்னிட்டு அங்கே மாறுவேடமிட்டுப் போகும் கார்னிவல் ஊர்வலங்கள் ரத்தாயின. மாறுவேட உடைகள் விற்காமல் தேங்கின. அதன் பிறகுதான் அந்த வியாபாரத்தில் இருந்தவர்கள் ஹாலோவீனைத் தூக்கிப் பிடித்தார்கள். மகள் தோழிகளோடு பக்கத்துத் தெருவரை போய் மிட்டாய் வாங்கி வர ஆசைப்பட்டால் போகட்டும். அதற்காக நீங்கள் உடை தைக்கவும் வேண்டாம், வீட்டை அலங்கரிக்கவும் வேண்டாம். மறுநாள் நவம்பர் 1 உங்கள் மாநிலத்தில் விடுமுறை. கல்லறைகளில் சிவப்பு விளக்குகள் ஏற்றி இறந்தவர்களை நினைக்கும் நாள். மாலையில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக அத்தையை நடத்திக் கூட்டிப் போங்கள். ஊரில் கல்லறைத் திருநாளைப் பார்த்தவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, அந்த 24 பரிசுக் காலண்டர். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

விடவே கூடாதது, நவம்பர் 11-ஐ ஒட்டி வரும் மார்ட்டின் விளக்கு ஊர்வலம். மார்ட்டின் ஒரு ரோமானியப் போர்வீரர். குளிர்காலத்தில் ஊர்வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரரைப் பார்த்துத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். பின்னாளில் பிரான்ஸின் தூர் நகரத்து ஆயரானார். ஊர்வலத்தில் சிவப்பு மேலங்கி அணிந்த ஒருவர் குதிரையில் முன்னே போவார். பிள்ளைகள் தாங்கள் செய்த விளக்குகளோடு பாடிக்கொண்டு பின்னே போவார்கள். இந்தக் கதையை உங்கள் மகனுக்குச் சொல்ல அத்தையைவிடப் பொருத்தமானவர் யார்? குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். பழனி மலைப் பக்கத்து வள்ளல் அவன். இந்தக் கதையையும் அந்தக் கதையையும் அடுத்தடுத்துக் கேட்ட குழந்தை நம் வழக்கத்தை எப்படி மறக்கும்?

விளக்கைக் கடையில் வாங்காதீர்கள். கமம்பேர் பாலாடைக்கட்டி விற்கிற வட்டமான அட்டைப்பெட்டி ஒன்று போதும். பெட்டியின் அடிப்பாகம் கீழே, நடுவை வெட்டியெடுத்த மூடி மேலே. இரண்டையும் சுற்றிப் பசை தடவி, ஒளி ஊடுருவும் தாளை உருளையாகச் சுருட்டி ஒட்ட வேண்டும். மூடியின் இரு பக்கமும் துளையிட்டுக் கம்பி கோத்தால் கைப்பிடி. தாளில் வண்ணக் காகிதத் துண்டுகளை உங்கள் மகன் தன் இஷ்டத்துக்கு ஒட்டட்டும். கோணலாக இருந்தால் பிரித்து ஒட்டாதீர்கள். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில், குச்சியின் நுனியில் எரியும் பேட்டரி பல்பு நான்கு வயதுக்கு நல்லது. இந்த விளக்கு செய்வதையும் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போவதையும் உங்கள் கணவரின் பொறுப்பில் விடுங்கள். ஊர்வலம் பெரும்பாலும் வேலை நாளின் மாலை ஐந்து மணிக்குத்தான் இருக்கும், அநேகமாக மழையும் தூறும். அன்று அவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பட்டும். முடிவில் திராட்சைக் கண் வைத்த மனித வடிவ ரொட்டி கொடுப்பார்கள். அதைப் பிய்த்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்; மார்ட்டினின் மேலங்கி பாதியானதை நினைத்துப் பலரும் அப்படிச் செய்வார்கள்.

நிக்கோலாஸையும் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 5 இரவு பிள்ளைகள் தங்கள் ஷூவைத் துடைத்துப் பாலிஷ் போட்டுக் கதவோரம் வைக்க வேண்டும். காலையில் அதில் இரண்டு கமலா ஆரஞ்சு, ஒரு பிடி வால்நட், ஒரு சாக்லேட். அவ்வளவுதான். அதற்கு மேல் பொம்மை, புத்தகம் என்று இழுத்துக்கொண்டு போனால் கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வந்த மாதிரி ஆகிவிடும். அழுக்கு ஷூவைப் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து தேய்க்கிறார்களே, அந்த அரைமணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இப்போது காலண்டருக்கு வருகிறேன். 24 பரிசுகள் அதன் ஆதி வடிவமே இல்லை. அந்நாளில் பல வீடுகளில் கதவில் சாக்பீஸால் 24 கோடுகள் போட்டுவைப்பார்கள். தினமும் ஒரு குழந்தை வந்து ஒரு கோட்டை அழிக்கும். பசுங்கிளைகளைச் சுற்றி நான்கு மெழுகுவர்த்தி வைத்த அட்வென்ட் வளையத்தின் கதையும் இப்படித்தான். யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற இறையியலாளர் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். வாங்கிக் கொடுக்க ஒன்றுமில்லாத இல்லத்தில் பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த ஏற்பாடு அது. தினமும் காலையில் ஒரு பரிசைப் பிரிக்கிற குழந்தை எதற்காகக் காத்திருக்கும்? 24-ஆம் தேதி வரும்போது அதற்குச் சலித்துப் போயிருக்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மகள் அழுதாலும் வாங்காதீர்கள்.

ஆனால் வெறும் “வேண்டாம்” என்று சொன்னால் அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும். டிசம்பர் 1 அன்று ஒரு பெரிய கறுப்பு அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். அத்தை மேற்பார்வையில் அவள் தினமும் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கட்டும். வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை. 25-ஆம் தேதி கடைசிப் புள்ளியும் விழுந்த பிறகு, பாட்டியும் பேத்தியுமாகக் கோடிழுத்துக் கோலத்தை முடிக்கட்டும். புள்ளி விலகினால் கோடு சேராது என்பதால் அவள் ஒவ்வொரு நாளும் அளந்துதான் வைப்பாள். தோழிகள் வந்தால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அட்வென்ட் வளையம் உங்கள் விருப்பம். வைத்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏற்றுங்கள். நான்காம் வாரத்தில் அந்தப் பசுங்கிளை காய்ந்து சருகாகியிருக்கும், பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஏற்றிவிட்டு யாரும் அறையை விட்டு நகரக் கூடாது. திருக்கார்த்திகையும் நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. அன்று அகல் விளக்குகளைத் தனியாக, நம் முறைப்படி ஜன்னலோரம் வரிசையாக வையுங்கள். “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. இதற்கு அண்ணாமலையின் கதை, அதற்குப் பெத்லகேமின் கதை. இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்து வளர்வதுதான் அவர்களுக்கு மரியாதை. பக்கத்து ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறதே, அத்தையை அங்கே ஒரு முறையாவது கூட்டிப் போங்கள். கோபுரத்தைப் பார்த்தவுடன் அவர் பேச்சே மாறும்.

தீபாவளியில் பேரமே கூடாது. லீவு இல்லை என்றால் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுத் துணி, ஆளுக்கொரு இனிப்பு என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வார இறுதியில் விருந்தாகச் செய்யுங்கள். மறப்பது பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுதான் என் பதில். அடுத்த வீட்டுப் பண்டிகையில் கலந்துகொள்வதால் நம் பண்டிகை மறக்காது. நம் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டால்தான் மறக்கும். வெடி மட்டும் அந்த நாட்டில் டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும்தான் அனுமதி. அத்தைக்கு அதில் வருத்தம் இருக்கும்.

அத்தையைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. “நமக்கு எதற்கு இதெல்லாம்” என்று அவர் கேட்பது பண்டிகையைப் பற்றிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவீர்கள். டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து நாலரைக்குள் இருட்டிவிடும். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிய பிறகு, தெருவில் ஒரு பேச்சுக்குரலும் கேட்காத வீட்டில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருச்சியில் தீபாவளிக்கு அடுத்த வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் பலகாரத் தட்டு அனுப்பி, டிசம்பரில் கேக் துண்டுகளோடு அந்தத் தட்டைத் திரும்பப் பெற்ற தலைமுறை அது. கிறிஸ்துமஸ் அவருக்கு அந்நியமாக இருக்க வாய்ப்பில்லை. இங்கே அவருக்கு ஒரு தட்டும் இல்லை, அதை நீட்ட ஓர் ஆளும் இல்லை.

அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். அட்வென்ட் நாட்களில் அந்த ஊரில் வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகளைத் தகர டப்பாவில் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். மகளும் நீங்களும் ஒரே ஒரு வகை செய்தால் போதும்: மைதா, வெண்ணெய், பாதாம் பொடி, சர்க்கரை பிசைந்து பிறை வடிவில் உருட்டிச் சுட்டு, சூட்டோடு வெனிலாச் சர்க்கரையில் புரட்டுவது. சூட்டில் தொட்டால் சீக்கிரம் உடையும், பார்த்துப் புரட்டுங்கள். டப்பாவில் பாதி இது, மீதி அத்தை சுட்ட தேன்குழல். மாடிப்படியில் தினமும் பார்த்தும் பேசாத முதியவர் யாராவது இருந்தால், அவர் வீட்டுக்கு அத்தையே பேத்தியோடு போய்க் கொடுக்கட்டும். மொழி தெரியாது என்று தயங்குவார். எட்டு வயதுக்காரி மொழிபெயர்ப்பாள். கிறிஸ்துமஸ் சந்தைக்கும் ஒரு மாலை கூட்டிப் போங்கள். டோர்ட்முண்ட் சந்தையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை அடுக்கி எழுப்பும் அந்தப் பெரிய மரத்தைவிட, இஞ்சி ரொட்டிக் கடையிலிருந்து வரும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனைதான் அவரை நிறுத்தும். சூடாகக் கோப்பையில் விற்பது மசாலா சேர்த்த திராட்சை மது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் மது கலக்காத பழரசம் தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள்.

டிசம்பர் 24 மாலை அங்கே ஒவ்வொரு குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள் இருக்கும். அன்று யாரையும் அழைக்காதீர்கள், யார் வீட்டுக்கும் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு பரிசு, சீக்கிரச் சாப்பாடு, அவ்வளவு போதும். ஊரில் தெரிந்தவர்களைச் சாப்பிட அழைப்பதானால் 26 தோதான நாள்; அந்த மாடிப்படி முதியவருக்கு வேறு எங்கும் போக இல்லையென்றால் அவரையும் அழையுங்கள், காரம் குறைத்துச் சமையுங்கள். 24 மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது, 27 ஞாயிறாக வந்துவிட்டால் அன்றும் இல்லை. தயிருக்குப் பாலும் விருந்துக்குக் கொத்தமல்லியும் 23-ஆம் தேதியே வாங்கி வைக்கச் சொல்லி உங்கள் கணவரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.