மலிவான விபிஎஸ் சர்வரின் வேகத்தைச் சோதிப்பது எப்படி?

விபிஎஸ் என்பது ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஓர் அறையை நமக்கு வாடகைக்குத் தருவது. செயலி (சிபியு), வட்டு, இணைய இணைப்பு எல்லாம் பெரும்பாலும் பொது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவதையும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில், இருப்பதைவிட அதிகமாக விற்பதும் உண்டு. விலை குறைய அது ஒரு முக்கியக் காரணம்.

செங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. மதியம் குழாயைத் திறந்தால் வாளி மளமளவென்று நிரம்பும். புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் குளிக்கும் காலை வேளையில் நூல்போல ஒழுகும். மதியம் மட்டும் பார்த்து வாடகை பேசியவர்கள் ஏமாந்தார்கள்.

ஆகவே ஒரே ஒரு சோதனையை நம்பவே நம்பாதீர்கள். காலை, மாலை, நள்ளிரவு என்று சில நாள் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் 'டாப்' (top) கட்டளை காட்டும் 'எஸ்டி' (st) என்ற எண்ணே எனக்கு முதல் சாட்சி: நம் வேலை தயாராக இருந்தும், செயலி பக்கத்து அறைக்காரருக்கு உழைத்த நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நல்லது. அடிக்கடி 10-ஐத் தாண்டினால் வேறு இடம் தேடுங்கள். வட்டை 4 கிலோபைட் துண்டுகளாகச் சிதறலாக எழுதிப் படித்துச் சோதியுங்கள். தரவுத்தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வட்டைத் தொடுகின்றன.

பிங் நேரம், அதாவது சர்வருக்கு ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம், கூடினால் சர்வர் மந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளியிழையில் ஒளியே நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும் என்பதால், ஜெர்மனியில் இருக்கும் சர்வருக்கு எத்தனை செயலி சேர்த்தாலும் அந்தத் தொலைவு குறையாது.