ஹோமர் படிக்கும் மகளும் மாலைச் செபமாலையும்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், செவ்வியல் முறையில் கற்பிக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிறாள். லத்தீன், தர்க்கம், பழைய கிரேக்க, ரோமக் காவியக் கவிஞர்களான ஹோமர், வெர்ஜில் என்று ஆர்வமாகத்தான் படிக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் மாலைச் செபமாலைக்கு வந்து உட்காருவதில்லை. “பொய்த் தெய்வங்களின் கதையைப் படித்தால் விசுவாசம் எங்கே நிற்கும்? பள்ளியை மாற்று” என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, பள்ளியை மாற்ற வேண்டாம். அதற்காக மாமியாரின் கவலையைத் தள்ளிவிடவும் வேண்டாம். திருச்சபையின் பெரிய ஆசிரியரான புனித அகுஸ்தினாருக்கே அது இருந்தது. வெர்ஜிலின் காவியத்தில் தீதோ அரசி செத்ததற்கு அழுதேனே, கடவுளை விட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த எனக்காக அழவில்லையே என்று பின்னாளில் மனம் நொந்து எழுதினார். அதே அகுஸ்தினார்தான், இஸ்ரயேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து வந்ததுபோல, பிற சமயத்தார் நூல்களில் இருக்கும் உண்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கி.பி. 362-இல், கிறிஸ்துவை மறுதலித்துப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ஜூலியன் என்ற ரோமப் பேரரசன், கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்த நூல்களைக் கற்பிக்க முடியாதபடி சட்டம் போட்டான். அந்தக் காலத்துத் திருச்சபை அறிஞரான புனித நசியான் கிரகோரியார் கொதித்துப்போனார். அந்தக் கல்வி நமக்கும் உரியது என்பது அவர் வாதம். நம் வீரமாமுனிவரும் லத்தீன் இலக்கியத்தில் ஊறிய குருதான். தேம்பாவணி பாடியவரே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார்.

என் கவலை வேறு. விசுவாசமும் மார்க் வாங்கும் பாடங்களில் ஒன்றாகிவிடக் கூடாது. பள்ளியில் நாள் முழுக்கப் படித்ததற்கும் வீட்டில் முழங்காலில் நிற்பதற்கும் சம்பந்தமே தெரியவில்லை என்றால், அந்த வயதுப் பிள்ளை செபத்தைத்தான் விடும்.

அந்தச் சம்பந்தத்தை வீட்டில் காட்டலாம். ஹோமரின் இலியத் காவியத்தின் கடைசிப் பகுதியில் கிழட்டு அரசன் பிரியாம், மகன் எக்தோரின் உடலைக் கேட்டு இரவோடு இரவாக எதிரியின் பாசறைக்குப் போகிறான். மகனைக் கொன்ற அக்கிலீசின் முழங்காலைப் பிடித்து, கொன்ற அந்தக் கைகளையே முத்தமிடுகிறான். அப்புறம் இருவரும் அழுகிறார்கள், அவரவர் துக்கத்துக்காக. இதை மகள் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். திக்கித் திக்கிச் சொன்னாலும் பரவாயில்லை. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

கதையைச் செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லச் சொல்லுங்கள். அன்று செபமாலையில் துக்க தேவ இரகசியங்கள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் ஐந்து பகுதிகள். ஐந்தாவதான சிலுவை மரணத்துக்கு வரும்போது, அரிமத்தியா யோசேப்பு பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்ட இடத்தை நற்செய்தியிலிருந்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். செபமாலையில் ஒரு பத்து மணிச் செபம் மட்டும் சேர்ந்து சொல்லுங்கள், அந்த அளவுக்கு அவள் உட்காருவாள். முழுச் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் இப்போதே கட்டாயப்படுத்தாதீர்கள். மீதியை நீங்களும் மாமியாரும் அவள் காதில் விழும்படி சத்தமாகவே சொல்லி முடியுங்கள்.