பெட்டியில் 1934 என்று இருந்தால் சீட்டுக்கட்டும் அந்தக் காலத்ததா?

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் என் மகன், அல்கட்ராஸ் சிறைப் படங்கள் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியில் 1934 என்று அச்சாகியிருக்கிறது, பின்பக்கம் பார்கோடும் உண்டு. மேலுறையை இன்னும் பிரிக்கவில்லை. இது 90 ஆண்டுப் பழசா? பிரித்தால் மதிப்பு போய்விடுமா? சென்னை ஈரப்பதத்தில் எப்படி வைப்பது?

பதில்: பழசு இல்லை. 1934 என்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் அல்கட்ராஸ் தீவு அமெரிக்க மத்திய அரசின் சிறையாகத் திறக்கப்பட்ட ஆண்டு, கட்டு அச்சான ஆண்டு அல்ல. 1963 மார்ச்சில் சிறையை மூடினார்கள். 1973-ல்தான் அந்தத் தீவைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

காலத்தைக் கணிக்க உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது. 1965 வரை வரி முத்திரைத் தாள் ஒட்டித்தான் விற்றார்கள். உங்கள் கட்டில் அது இருக்காது. பார்கோடு கடைகளில் புழக்கத்துக்கு வந்ததே 1974-ல். பெட்டியில் இணைய முகவரியும் இருந்தால் 1990-களுக்கு முன் போகவே முடியாது. பழங்கட்டு என்று சொல்லி யாராவது விற்க வந்தால் முதலில் இவற்றைத்தான் பாருங்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, நினைவுப் பொருளாகக் கட்டுக்கட்டாக விற்பவை எளிதில் விலை ஏறாது. அதனால் தயங்காமல் பிரியுங்கள், உள்ளே இருக்கும் வரலாறு பார்க்க வேண்டியது. அங்கே அடைக்கப்பட்டிருந்த குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் படம் இருந்தால் கைதி எண் 85 சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 1962 ஜூனில் போலித் தலைகளைப் படுக்கையில் வைத்துவிட்டு, மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த படகில் தப்பிய ஃபிராங்க் மாரிஸ், ஆங்லின் சகோதரர்கள் கதை ஏதாவது ஒரு சீட்டில் வந்திருக்கலாம். பறவை வளர்த்துப் பெயர்பெற்ற கைதி ராபர்ட் ஸ்ட்ரவுடைப் பறவைக் கூண்டோடு வரைந்திருந்தால் அது தவறு. அவர் பறவை வளர்த்தது கான்சாஸின் லெவன்வொர்த் சிறையில். 1942-ல் அல்கட்ராஸுக்கு மாற்றியபின் அவரைப் பறவை வளர்க்க விடவில்லை. இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சேகரிப்பில் எனக்குப் பிடித்த வேலை.

பிரிக்கும்போது உறையில் ஓடும் கிழிப்பு நாடா இருந்தால் அதைப் பிடித்து இழுங்கள், கத்தி வேண்டாம். 52 சீட்டோடு ஜோக்கர்களையும், விவரம் அச்சிட்ட கூடுதல் அட்டையையும் தனியாகப் போட்டுவிடாதீர்கள். ஒன்று குறைந்தாலும் சேகரிப்பவருக்கு அது முழுக்கட்டு இல்லை.

சென்னை வெயிலில் ரப்பர் பேண்ட் உருகி அட்டையில் கறையாக ஒட்டிக்கொள்ளும், போடவே போடாதீர்கள். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலம் சீட்டுக்கட்டின் மேல் படக்கூடாது. சுவரோடு ஒட்டிய அலமாரித் தட்டில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், அங்கே வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து, புத்தகப்பூச்சி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.