ஜெர்மனியில் வெடிபொருள் வேதியியல் படிக்கலாமா?

தம்பி, ராக்கெட் உந்துபொருள்களும் வெடிபொருள்களும் சார்ந்த உயர் ஆற்றல் சேர்மங்களில் முனைவர் பட்டம் செய்ய ஜெர்மனியில் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உயிருக்கு ஆபத்தா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு பிறகு வேலை கிடைக்குமா என்பவை உங்கள் கேள்விகள். வீட்டில் முதல் கேள்விக்குத்தான் பயப்படுவார்கள். நீங்கள் இரண்டாவதற்குக் கவலைப்படுங்கள்.

புதிய சேர்மத்தை முதன்முதலில் செய்யும்போது கிடைப்பது ஒரு சிட்டிகைகூட இருக்காது. அதில் ஒன்றிரண்டு மில்லிகிராமைச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் சிதைகிறது என்று பார்ப்பார்கள். அடுத்தது சுத்தியல் சோதனை. இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே துளி பொடி, மேலிருந்து எடை விழும். சத்தமா, பொறியா, கருகலா என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2 ஜூல் மோதல் ஆற்றலுக்குள்ளேயே வினைபுரிந்தால் அதே வடிவில் ஏற்றிச் செல்ல ஐ.நா. விதிகள் இடம் தருவதில்லை. இந்த எண்கள் கைக்கு வரும்வரை அளவைக் கூட்ட யாரும் அனுமதிக்கமாட்டார்கள். தோல் மேலங்கி, கெவ்லார் கையுறை, முகக் கவசம், நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்கும் காலணி எல்லாம் அன்றாட உடுப்பு. குளிர்காலத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சூடேற்றிய அறையின் காற்று வறண்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி தெறிக்கும். ஈரக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை தானாக வராது.

ஆய்வகப் பையை விமான நிலையத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே வெடிபொருள் தடயம் தேடித் தடவிப் பார்க்கும் துணித் துண்டுக்கு நைட்ரோ சேர்மத்தின் நுண்துகளே போதும். விமானத்தைத் தவறவிட்டுவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இனி கடவுச்சீட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/821 ஒழுங்குவிதிப்படி, குடிமை, ராணுவம் இரண்டுக்கும் பயன்படுபவற்றின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தை ஒன்றியத்துக்கு வெளியே மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். பொதுவெளியில் இருப்பதற்கும் அடிப்படை அறிவியல் ஆய்வுக்கும் விலக்கு உண்டு. ஆனால் வெளியிடாத செய்முறையைப் பழைய பேராசிரியருக்கு நட்பாக அனுப்பும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அமெரிக்கா இன்னும் கறார். ஐடார் (ITAR) எனப்படும் அதன் ஆயுத ஏற்றுமதி விதிகளின்படி, அந்நாட்டுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவரிடம் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்தாலும் ஏற்றுமதியாகிவிடும். கிரீன் கார்டு உள்ளவர் அந்தக் கணக்கில் வெளிநாட்டவர் அல்லர். ஆயுத நிறுவனங்களில் குடியுரிமையும் பாதுகாப்புச் சான்றும் கேட்பது வழக்கம். ஜெர்மானியக் குடியுரிமைக்கு 2024 ஜூன் முதல் பொதுவாக 5 ஆண்டு வசிப்பே போதும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அதனால் தலைப்பைத் தேர்வதில்தான் சூட்சுமம். விண்வெளி உந்துபொருள் பக்கம் சாயுங்கள் என்பேன். திட எரிபொருளில் பரவலாக உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவருகிறது. நீரில் கலக்கும் பெர்குளோரேட் தைராய்டு அயோடினை ஏற்பதைத் தடுக்கிறது. மாற்றாகப் பேசப்படும் அம்மோனியம் டைநைட்ரமைடு 1971இல் மாஸ்கோவில் உருவாகி, சோவியத் ரகசியமாகவே கிடந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்கர்கள் தாமாகவே அதைக் கண்டடைந்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட திரவ உந்துபொருளை, நச்சான ஹைட்ரசீனுக்குப் பதிலாக, 2010இல் ஏவப்பட்ட சுவீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோள் பயன்படுத்தியது. இந்தப் பக்கம் குடிமைத் துறை வேலைகளும் உண்டு, கட்டுரைகளும் வெளிவரும்.

சேர்மங்களைச் செய்யும் தொகுப்பு வேலையோடு நிறுத்தாமல் வெப்பப் பகுப்பாய்வையும் படிகவியலையும் உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். மருந்து ஆலைகளும் பேட்டரி நிறுவனங்களும் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடாமல் காக்க அதே திறமையைத்தான் தேடுகின்றன. அங்கே கடவுச்சீட்டின் நிறம் குறுக்கே வருவது குறைவு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பேராசிரியரிடம் இரண்டு விஷயங்களை நேரடியாகக் கேளுங்கள்: திட்டத்துக்குப் பணம் தருவது யார், ஆய்வேட்டை முழுமையாக வெளியிட முடியுமா. இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால், அதே குழுவில் வேறு தலைப்பு கேளுங்கள்.