கட்டிடத்துக்குக் கொடுக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது. அறுபதுகளில் தறிக்காரர்களும் மளிகை வியாபாரிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. தறிக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று மகமை வைத்து எழுப்பியதாக அப்பா சொல்வார். நானும் தங்கையும் அங்கேதான் பிறந்தோம். இப்போது அங்கே பிரசவம் பார்ப்பதில்லை, காலையில் இரண்டு மணி நேரம் ஓ.பி. மட்டும்தான். மூன்று மாடிக் கட்டிடம் கட்டப்போவதாகச் சொல்லி நிர்வாகிகள் வீடு வீடாக நன்கொடை கேட்கிறார்கள். 'பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, இனி எதற்கு இது?' என்கிறார்கள் என் வயதுக்காரர்கள். அப்பாவோ கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஊர் விவகாரம் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள். ஆனால் கட்டிடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் கட்டிடத்துக்குப் பணம் திரள்வது சுலபம். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, வார்டுக்கு வார்டு தாத்தா பெயர் வைக்கலாம். ஐப்பசி மாதத்து நர்ஸ் சம்பளத்தை உபயமாக ஏற்றுக்கொள்ள ஆள் வராது. ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகள் படுத்துக்கொள்வது அங்கேதான். சம்பளம், மருந்து, ஜெனரேட்டருக்கு டீசல், மஞ்சள் பையிலும் சிவப்புப் பையிலும் பிரித்துக் கட்டிவைத்த மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் என்று ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும் செலவுகள் இவை. உங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி. அளவுக்குச் சுருங்கியதற்கு இடப் பற்றாக்குறை காரணமாக இருந்திருக்க வழியில்லை. பழைய பிரசவ வார்டு இப்போது பூட்டித்தானே கிடக்கும்?

பிரசவம் கைவிட்டுப் போனதில் உங்கள் அப்பாவுக்கு வருத்தம் இருக்கும். எனக்கு இல்லை. பிரசவத்தில் தாயைக் கொல்வது பெரும்பாலும் ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும். நள்ளிரவில் ரத்தமும் மயக்க மருத்துவரும் கிடைக்கும் இடத்தில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் பிரசவம் நடப்பதுதான் சரி. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டமும் கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனை பக்கம் அழைத்துப்போயிருக்கிறது. மூன்று மாடி கட்டினாலும் பிரசவம் உங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பாது. திரும்பவும் வேண்டாம்.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. சர்க்கரை நோயில் காலை எடுக்க வேண்டிவந்தால் காப்பீடு கைகொடுக்கும். அந்தக் கால் போகாமலிருக்க வாரம் மூன்று முறை புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவதற்கு? பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவருக்குத் தினமும் கையையும் காலையும் அசைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இருந்தாலும் வேலை மிச்சம் நிறைய.

ஊர் சேர்ந்து ஆஸ்பத்திரி நடத்துவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போனபோது ஊர்க்காரர்களே ஒரு கூரைக் குடிசை போட்டுக்கொடுத்தார்கள். ஓ.பி.யும் அதில்தான், பிரசவமும் அதில்தான், அறுவை சிகிச்சையும் அதில்தான். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றைம்பதை ஒட்டி முதல் பிறந்தநாளைக் காணவில்லை. பின்னாளில் அது இருபதை ஒட்டி இறங்கியது. நல்ல கட்டிடம் வந்தது பிறகுதான். முதலில் நடந்தது, அந்த மலைக் கிராமத்துப் பெண்களையே கூப்பிட்டு வேலை கற்றுக்கொடுத்தது. பிரசவம் பார்க்கவும், அறுவை சிகிச்சையில் கூட நிற்கவும், கிராமம் கிராமமாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் எடைபோட்டுப் பார்க்கவும் அவர்கள் பழகினார்கள். டாக்டர்கள் வருவார்கள், மேல்படிப்புக்குப் போவார்கள், வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டும் போவார்கள். உள்ளூர்ப் பெண் அங்கேயே இருப்பாள். எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நீலகிரி கூடலூரின் கதை இன்னும் சுவாரசியமானது, உங்கள் ஊர் மகமைக்கும் நெருக்கமானது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலான மக்களுக்காக அஸ்வினி அமைப்பு 1990இல் அங்கே ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. 1992இல், ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு என்ற பேச்சே அரிதாக இருந்த காலத்தில், ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய் பிரீமியம் கட்டினார்கள். அதை வைத்து ஓர் ஆஸ்பத்திரியை நடத்த முடியாது என்பது யாருக்கும் தெரியும். வெளியிலிருந்தும் பணம் வந்தது, வராமல் நடந்திருக்காது. ஆனால் அந்த இருபத்தைந்து ரூபாய் வேறொன்றைச் செய்தது. காப்பீடு எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட இரண்டு மடங்கை ஒட்டி அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். சந்தா கட்டியவர் வாசலில் தயங்கி நிற்பதில்லை, உள்ளே வந்து கேட்கிறார். முழு இலவசம் என்று போர்டு வைத்தால் இது நடக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

உங்கள் தாத்தா காலத்து மகமையும் இப்படித்தான் வேலை செய்திருக்கும். தறிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையென்றால் சத்தம் போட்டிருப்பார். ஒரே தவணையில் ஒரு லட்சம் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்பவர் ஒருமுறை விழாவுக்கு வருவார், அவ்வளவுதான்.

சரி, பழைய கட்டிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னைக் கேட்டால் கேரளத்தின் மலப்புறத்தைப் பாருங்கள் என்பேன். 1999, 2000 வாக்கில் அங்கே வலி தணிப்புச் சிகிச்சையை ஊர்க்காரர்களே கையில் எடுத்தார்கள். தீராத நோயில் படுத்துவிட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வராமல் நர்ஸ் வீட்டுக்குப் போவார். வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கூடப் போவார்கள். பணம் கடைகளிலும் பள்ளிகளிலும் சில்லறையாகச் சேர்ந்தது. நர்ஸின் பையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இருக்காது. சிறுநீர் டியூப், கையுறை, காஸ் துணி, மெட்ரோனிடசோல் மாத்திரை. அந்த மாத்திரையைப் பொடித்து ஆறாத புற்றுப்புண்ணில் தூவினால் நாற்றம் குறையும். செலவு சில ரூபாய். பிள்ளைகளே அருகில் போகக் கூசிய கட்டிலின் ஓரத்தில் மறுபடி ஆள் வந்து உட்கார்வார். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று நர்ஸ் வீட்டிலுள்ளவர்களுக்குச் செய்து காட்டிவிட்டுப் போவார். 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்து உள்ளாட்சிகளோடு இணைத்துக்கொண்டது.

இதற்கு ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வண்டி இருந்தால் தொடங்கலாம். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை வைத்திருக்க அங்கீகாரம் வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபின் அதைப் பெறும் வழி முன்னைவிட எளிதாகியிருக்கிறது. பூட்டிய பிரசவ வார்டில் பிசியோதெரபியும் கால்புண் கட்டும் இடமும் தாராளமாக அடங்கும். கட்டு கட்ட உங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரைப் பழக்கலாம். பெரிய நோய் என்று தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பட்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் நிர்வாகிகளிடம் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் புண் கழுவுவதை போட்டோ எடுத்து மாட்ட முடியாது. நன்கொடை கேட்டு வரும்போது போன மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வரவில் எவ்வளவு சம்பளத்துக்குப் போனது, எவ்வளவு வைப்புநிதியில் தூங்குகிறது என்று பாருங்கள். பிறகு உங்களால் முடிந்ததை மாதாமாதம், 'நடப்புச் செலவுக்கு மட்டும்' என்று எழுதிக்கொடுத்துச் செலுத்துங்கள். உங்கள் வயதுக்காரர்களில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு நர்ஸின் சம்பளத்தில் பாதியாவது தேறும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது.