மெல்லிய எஃகுச் சட்டத்தில் பல மாடி ஓட்டல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் அமெரிக்காவில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். 4 முதல் 7 மாடி வரையிலான ஓட்டல்களுக்குக் கோல்ட் ஃபார்ம்டு ஸ்டீல் சட்டம் வடிவமைப்பதே பல வருடங்களாக என் வேலை. நம் ஊரில் இதை லைட் கேஜ் ஸ்டீல் ஃப்ரேம், சுருக்கமாக எல்ஜிஎஸ்எஃப் என்பார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளைச் சேர்த்து பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரை, கட்டட ஒப்பந்ததாரர்: ஃபால்ஸ் சீலிங் போடும் தகரச் சட்டம்தானே சார் இது? அதை நம்பி எப்படி ஐந்து மாடி ஏற்றுவது?

குடும்பம் ஒன்றுதான், ஆனால் எடுத்த வேலை வேறு. சீலிங் சேனல் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சுவருக்குள் செங்குத்தாக நின்று சுமை தாங்கும் சட்டமான ஸ்டட் 1.1 மி.மீ.யில் தொடங்கி 2.5 மி.மீ. வரை போகும், தேவைப்பட்டால் 3 மி.மீ. கூட உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டுச் சுருளை, சூடாக்காமல், உருளைகளுக்கு நடுவே விட்டு C வடிவத்தில் மடிக்கிறார்கள். அந்த C-யின் விளிம்பில் உள்பக்கமாகச் சின்ன மடிப்பு ஒன்று இருக்கும். மெல்லிய தகடு உடைவதற்கு முன்பே நெளிந்துவிடும். அந்த நெளிவைத் தடுப்பது இந்த மடிப்புதான். சைட்டில் யாராவது அதை வெட்டினால் அந்த ஸ்டட்டைக் கழற்றி வேறு போடச் சொல்லுங்கள்.

கோவை, கட்டடக்கலை மாணவி: வீடு, ஆபீஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட்டலுக்கு இது பொருந்தும் என்று ஏன் சொல்கிறீர்கள், சார்?

ஓட்டலின் ப்ளானை எடுத்துப் பாரும்மா. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே அளவு அறைகள், ஏறக்குறைய 4 மீட்டருக்கு ஒரு சுவர். இரண்டாம் மாடியில் இருப்பதுதான் ஐந்தாம் மாடியிலும். அறைக்கு அறை இருக்கும் அந்தச் சுவர் எப்படியும் வேண்டும். அதையே சுமை தாங்கவும் வைத்துவிட்டால் தனியாகத் தூண், பீம் எதற்கு? தளத்தைத் தாங்கும் கிடைமட்டச் சட்டம், அதாவது ஜாயிஸ்டு, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குத் தாவினால் போதும். ஒரே சுவர்ப் பேனலைத் தொழிற்சாலையில் நூறு முறை செய்து கிரேனில் தூக்கி நிறுத்தலாம்.

அடுத்தது எடை. 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 1,350 கிலோ வரும். அதே உயரத்தில் ஸ்டட் சுவர், இருபுறமும் இரண்டிரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டோடு சேர்த்தும், சுமார் 165 கிலோதான். நிலநடுக்கத்தில் கட்டடம் தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் அஸ்திவாரமும் சிறியதாகும்.

ஆபீஸ் வேறு கதை. அங்கே திறந்த வெளி வேண்டும், குடியேறுபவர் மாறினால் சுவரும் மாறும். இந்த முறை அதற்கு ஒத்துவராது.

காரைக்குடி, ஓட்டல் உரிமையாளர்: கீழே கல்யாண மண்டபம், மேலே ஐந்து மாடி அறைகள் வேண்டும். முடியுமா?

முடியும். ஆனால் இந்த முறையில் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயமே இதுதான். மேலே உள்ள ஒவ்வொரு ஸ்டட்டும் கீழே உள்ள ஸ்டட்டின் தலையில் நேராக நிற்க வேண்டும். அமெரிக்க விதிப்படி இரண்டின் மையக்கோடும் 19 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. இடையில், ஸ்டட்களின் முனைகள் உட்காரும் கிடைமட்டச் சட்டமான ட்ராக் மெல்லியது, விலகி வரும் சுமையைத் தாங்கித் திருப்பிவிடும் பலம் அதற்கு இல்லை. மண்டபத்தில் நடுச்சுவர் வைக்க முடியாது என்பதால் சுவர்களின் வரிசை அங்கே அறுந்துபோகிறது.

அதனால் தரைத்தளத்தைக் கான்கிரீட்டிலேயே கட்டுங்கள். தூண், பீம், மேலே கனமான டிரான்ஸ்ஃபர் ஸ்லாப். அந்த ஸ்லாப் மேலுள்ள ஐந்து மாடியையும் சுமந்து தூண்களுக்குக் கொடுக்கும், அதன் மேல்தான் எஃகுச் சட்டம் தொடங்கும். அமெரிக்காவில் நான் பார்க்கும் ஓட்டல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், கீழே வரவேற்பறையும் சாப்பாட்டுக் கூடமும் இருப்பதால். மண்டபத்தின் அகலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். 12 மீட்டரா 18 மீட்டரா என்பதைப் பொறுத்து அந்த ஸ்லாபின் செலவு எங்கேயோ போய்விடும். அகலம் மிக அதிகமானால் மண்டபத்தைப் பக்கத்தில் தனிக் கட்டடமாக வைப்பதே நல்லது என்பேன்.

திருச்சி, சிவில் இன்ஜினியர்: எத்தனை மாடி வரை போகலாம்? நிலநடுக்கத்துக்குச் சோதித்திருக்கிறார்களா?

நிலநடுக்க அபாயம் கூடிய பகுதிகளில், இந்தச் சட்டத்தின் ஷியர் வால்களை, அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்களை, மட்டுமே நம்பிய கட்டடத்துக்கு அமெரிக்க விதி 65 அடி உயரம்தான் கொடுக்கிறது. ஆறு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அபாயம் குறைந்த இடங்களில் அதைவிட உயரமாகப் போகலாம்.

சோதனைகள் நடந்திருக்கின்றன. சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அதிர்வு மேடையில் 2016-இல் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை முழு அளவில் கட்டி ஆட்டினார்கள். அப்புறம் உள்ளே தீ வைத்துப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் ஆட்டினார்கள். கடைசி ஆட்டத்தில் பலத்த சேதம் வந்தது, ஆனால் கட்டடம் விழவில்லை. 2025-இல் அதே மேடையில் பத்து மாடிக் கட்டடம் ஏறியது. 65 அடி வரம்பை உயர்த்தலாமா என்ற கேள்விதான் அதன் பின்னால் இருப்பது. எனக்கு இது மிகவும் முக்கியமான சோதனை.

சென்னை, வாசகர்: எஃகு எரியாது, ஆனால் சூட்டில் வளைந்துவிடுமே?

சரியாகச் சொன்னீர்கள். 500 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இந்த எஃகின் வலிமையில் ஏறக்குறைய பாதி போய்விடும், தகடு மெல்லியது என்பதால் சூடும் சீக்கிரம் ஏறும். ஆகவே தீயிலிருந்து காப்பது ஜிப்சம் போர்டின் வேலை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள் கட்டுண்டு இருக்கிறது. தீ அந்தத் தண்ணீரை ஆவியாக்கி முடிக்கும் வரை பின்னால் இருக்கும் எஃகு பெரிதாகச் சூடாகாது. சுமை தாங்கும் சுவர் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க, தீத்தடுப்பு ரகப் போர்டு பக்கத்துக்கு இரண்டு அடுக்கு போடுவது வழக்கம்.

வழக்கமான மரச்சட்ட ஓட்டலுக்கு அமெரிக்க மாதிரி விதியில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தாலும், வகையைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து மாடிதான். எரியாத பொருளில் இரண்டு மணி நேரச் சட்டம் கட்டினால் 12 மாடி வரை அதே விதி இடம் தரும். மரத்தை விட்டுப் பலர் இந்த முறைக்கு வருவதற்கு இது ஒரு காரணம்.

பெங்களூரு, ஓட்டல் மேலாளர்: தட்டினால் சுவர் 'டொக்' என்கிறது. விருந்தினருக்குப் பக்கத்து அறைப் பேச்சு கேட்காதா?

நம் ஆட்கள் எல்லாரும் முதலில் சுவரைத் தட்டித்தான் பார்ப்பார்கள். தட்டும் ஓசையும் பேச்சுச் சத்தம் ஊடுருவுவதும் வேறு வேறு. இரண்டு வரிசை ஸ்டட், நடுவே இடைவெளி, உள்ளே ஒலியை உறிஞ்சும் இழைப் பஞ்சு, இருபுறமும் இரட்டைப் போர்டு என்று கட்டிய சுவர் பேச்சை நன்றாகவே தடுக்கும். அறைகளுக்கு நடுவே ஒலித்தடுப்பு எண் (எஸ்டிசி, கூடக் கூட நல்லது) 50 வேண்டும் என்பது அமெரிக்க விதி. பெரிய ஓட்டல் நிறுவனங்கள் அதற்கும் மேலே கேட்கும்.

கெடுவது வரைபடத்தில் அல்ல, சைட்டில். ஒரு ஓட்டலில், திறந்த மூன்றாம் வாரமே பக்கத்து அறை டிவி தெளிவாகக் கேட்கிறது என்று புகார் வந்தது. போர்டைக் கழற்றினோம். இரண்டு அறைகளின் ப்ளக் பெட்டிகளும் ஒரே இடைவெளிக்குள் முதுகோடு முதுகாக இருந்தன. சத்தத்துக்கு மட்டுமா, தீக்கும் அது திறந்த வாசல். எதிரெதிர்ப் பெட்டிகளுக்கு நடுவே 610 மி.மீ. விலகல் வேண்டும் என்று விதியே இருக்கிறது. இன்னொரு இடத்தில், சத்தத்தைப் பிரிக்கப் போர்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே வைத்த வளையும் பட்டைகளைத் தாண்டி நீள ஸ்க்ரூக்கள் ஸ்டட்டைக் கடித்திருந்தன. பட்டை போட்ட காசு முழுவதும் வீண். போர்டு மூடும் முன் ஒவ்வொரு அறையையும் நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், அந்த ஒரு நாளுக்குப் பிறகு பார்க்கவே முடியாது.

சிங்கப்பூர், சைட் சூப்பர்வைசர்: அண்ணா, ஸ்டட் ட்ராக்கில் முழுசா உட்காரலை, 3 மி.மீ. இடைவெளி இருக்கு. விட்டுடலாமா?

விடாதே தம்பி. 3 மி.மீ. வரை விதி பொதுவாக அனுமதிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆறு மாடிக்கு 36 மி.மீ. பாரம் ஏற ஏற அந்த இடைவெளி மூடும், கட்டடம் இறங்கும், செங்குத்துக் குழாய்கள் இணைப்பில் பிதுங்கும், கான்கிரீட் லிஃப்ட் கூடு மட்டும் இறங்காமல் நிற்கும். பேனலை மேஜையில் வைத்து அழுத்திப் பிடித்த பிறகு ஸ்க்ரூ போடச் சொல். ஸ்டட்டில் இருக்கும் ஓட்டையை ப்ளம்பர் பெரிதாக்கினாலும் உடனே நிறுத்து.

மகாபலிபுரம், ரிசார்ட் கட்டுபவர்: கடல் காற்றில் துருப் பிடிக்காதா?

சுவருக்குள், ஈரம் படாமல் இருக்கும் எஃகுக்குச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு நல்ல காப்பு. வெட்டிய விளிம்பையும் பக்கத்துத் துத்தநாகம் காக்கும். வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். செம்புக் குழாய் எஃகைத் தொடக் கூடாது. கடலைப் பார்த்த திறந்த பால்கனிக்கு மட்டும் இந்த முறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சேலம், இன்ஜினியர்: நம் நாட்டில் இதற்கு விதி உண்டா, கட்டியிருக்கிறார்களா?

ஐஎஸ் 801 என்ற விதி இருக்கிறது, 1975-இல் திருத்தி வெளியிட்டது. பழைய முறை என்பதால் அமெரிக்க, ஐரோப்பிய விதிகளையும் சேர்த்து வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். புதிய கட்டுமான முறைகளில் வீடு கட்டிக் காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் அகர்தலாவில் ஆயிரம் வீடுகள் இந்தச் சட்டத்தோடு கனமான எஃகுச் சட்டமும் சேர்த்து ஏழு தளங்களில் எழும்பின. சென்னைக்கு அதே திட்டத்தில் கிடைத்தது முன்வார்ப்புக் கான்கிரீட்.

காரைக்குடிக்காரர் மறுபடியும்: பெரிய அறைகளில் ஊஞ்சல் மாட்ட வேண்டும். இந்தக் கூரை தாங்குமா?

ஜாயிஸ்டில் கொக்கி போட்டால் தாங்காது. நான்கு பேர் ஆடும்போது சுமை முன்னும் பின்னும் இழுக்கும், ஸ்க்ரூ மெல்ல மெல்லத் தளரும். ஊஞ்சல் வரும் இடத்தில் மட்டும் ஒரு கனமான எஃகு பீமைச் சுவருக்குச் சுவர் வைத்து, அதன் இரண்டு முனைக்கும் கீழே ஸ்டட்களைச் சேர்த்துக் கட்டி, மண்டபத்து ஸ்லாப் வரை கொண்டுபோக வேண்டும். எந்த அறை, சன்னலிலிருந்து எத்தனை அடி என்று இப்போதே குறித்து அனுப்புங்கள், டிவி மாட்டும் சுவரையும் சேர்த்து. தகட்டுச் சுருள் வெட்டத் தொடங்கியபின் சொன்னால் போர்டைப் பிரித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.